புதூர்நாட்டில் ஒரு மரமும் பதினேழாம் வாய்ப்பாடும்

மே மாதம் இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பி ஞாயிறு சாயங்காலம் திரும்பும்படி நானும் என் மகள் இளவேனிலும் ஜவ்வாது மலைக்குப் போய் வந்தோம். மலையின் திருப்பத்தூர்ப் பக்கம், புதூர்நாடு. ஏற்காட்டுக்கும் ஏலகிரிக்கும் வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். புதூர்நாட்டுக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று இணையத்தில் தேடினால் நாலு வரிதான் கிடைக்கிறது. அதனால் நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். நடுவில் சொந்தக் கதையும் வரும். பொறுமை இல்லாதவர்கள் பத்தி தாண்டிப் படிக்கலாம், எனக்குக் கோபமில்லை.

சொந்தக் கதை இதுதான். இளவேனிலுக்குப் பதின்மூன்று வயது. கால்பந்து ஆடுவாள். மைதானத்தில் அவளுக்குப் பெயர் இளா. முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குள் பந்து போய்விடுமாம். ஏப்ரல் மாதம் ஒரு விளையாட்டு விடுதிக்குத் தேர்வானாள். எங்கள் வேலூரிலிருந்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். இனி பள்ளிக்கூடம், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேதான். நிரப்பிய விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும். என் மனைவி முதல் நாளே சரி என்று சொல்லிவிட்டாள். ஆனால் இளவேனில், “அப்பா கையெழுத்துப் போட்டாத்தான் போவேன். அப்பாவுக்கு இஷ்டம் இல்லைன்னா வேணாம்” என்று முடிவை என் தலையில் கட்டிவிட்டாள். அந்தக் காகிதம் பதினெட்டு நாளாக என் மேசைமேல் கிடந்தது. நான் அதன்மேல் ஒரு அகராதியை வைத்திருந்தேன்.

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறவன். எனக்குக் கொடுத்திருப்பது ரொமான்டிக் காலக் கவிதை. ரொமான்டிக் என்றதும் கடைசி வரிசை நிமிர்ந்து உட்காரும். காதல் இல்லையப்பா, மலை, மேகம், குழந்தை என்றதும் மறுபடி படுத்துவிடும். அந்தக் கவிஞர்கள் சொன்னதை என் பாணியில் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: குழந்தை இயற்கையோடு ஒட்டிப் பிறக்கிறது. புல்லும் ஓடையும் அதனோடு பேசும். வளர வளர அந்தப் பேச்சு காதில் விழாமல் போகும். பெரியவனான கவிஞன் பழைய ஆற்றங்கரைக்குத் திரும்பி வந்து பெருமூச்சு விடுவான். அந்தப் பெருமூச்சைத்தான் நாம் தேர்வுக்குப் படிக்கிறோம். பத்தொன்பது வருடம் சொல்லிச் சொல்லி, வளர்வது என்றாலே இழப்பது என்று நானே நம்பிவிட்டேன்.

ஆகவே, “மலைக்குப் போவோம், அங்கே யோசித்துச் சொல்கிறேன்” என்றேன். வெளியே சொல்லாத திட்டம் வேறு. காட்டையும் ஓடையையும் பார்த்தால் இவள் இன்னும் குழந்தைதான் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும், இந்தக் குழந்தையைப் போய் விடுதியில் விடுவதா என்று மனைவியிடம் வாதாட எனக்கு ஒரு பிடி கிடைக்கும். மனைவிக்கு வங்கி வேலை, விடுப்பு கிடைக்கவில்லை. வாசலில் நின்று, “மூணு நாள் தர்றேன். திரும்பி வர்றப்ப ஆமாவா இல்லையான்னு சொல்லிடணும்” என்றாள். என் திட்டம் அவளுக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் காலை 5.40க்கு ஏறினோம். ஆம்பூர், வாணியம்பாடி வழியாகத் திருப்பத்தூர், இரண்டேகால் மணி நேரம். ஆளுக்கு எண்பது ரூபாய். கிளம்பும்போது பந்தை எடுத்து வைத்தாளா என்று பையைத் தூக்கிப் பார்த்தேன். “இயற்கைக்கு நடுவுல பந்து எதுக்கு” என்று முந்தைய நாளே சொல்லியிருந்தேன். பை உருண்டையாக இல்லை. திருப்தியாக உட்கார்ந்தேன். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம், நான் நடைபாதைப் பக்கம், எங்களுக்கு நடுவில் எலுமிச்சைச் சாதம்.

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்குப் பேருந்துகள் குறைவு. நாங்கள் இறங்கியபோது காலை வண்டி போய்விட்டது, அடுத்தது மதியம்தான் என்றார்கள். பேருந்தை நம்புகிறவர்கள் முந்தைய இரவே திருப்பத்தூரில் தங்கிவிடுவது நல்லது. மற்றபடி ஜீப்தான் கதி. ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். ஒரு ஆளுக்கு அறுபது ரூபாய், முன் இருக்கை வேண்டுமென்றால் நூறு. நாங்கள் முன்னால் ஏறினோம். என் கைப்பேசிக் கணக்கில் இருபத்தேழு கிலோமீட்டர், ஒரு மணி இருபது நிமிடம்.

ஓட்டுநர் பெயர் அந்தோணி. அடிவாரத்து ஊர்க்காரர், நாற்பது வயது இருக்கும். கண்ணாடியில் ஜெபமாலை தொங்க, பின்னால் ஆறு பேரும் இரண்டு உர மூட்டையும் இருக்க, கொண்டை ஊசி வளைவுகளை ஒரு கையால் திருப்பினார். நான் ஏழு வளைவு எண்ணினேன், இளவேனில் பத்து என்றாள். மூன்றாவது வளைவில் அவர் அவளிடம் பேச்சுக் கொடுத்தார்.

“இன்னா பாப்பா, லீவுக்கு சொந்தக்காரங்க வூட்டுக்கா?”

“இல்லண்ணா. அப்பாவும் நானும் இயற்கை எய்த வந்திருக்கோம்.”

ஜீப் நின்றே விட்டது. அந்தோணி என்னைப் பார்த்தார். பின்னால் இருந்த ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“சார், இன்னா சார் இது? கொயந்தையக் கூட்டிகினு... வூட்ல எதுனா பிரச்சினையா? எதுவா இருந்தாலும் பேசிக்கலாம் சார்.”

அவர் குரலில் இருந்த கவலையைக் கேட்டு எனக்கு வியர்த்துவிட்டது. இளவேனிலுக்கு ஒன்றும் புரியவில்லை. எய்துவது என்றால் அடைவது என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கிறாள். இயற்கை என்னும் சொல்லை வீட்டில் நாள் முழுக்க நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் அவளே சேர்த்துக்கொண்டாள்.

“பாப்பா, அது செத்துப்போனவங்களுக்குப் போஸ்டர்ல போடுறது. இன்னார் இயற்கை எய்தினார், மாலை நாலு மணிக்கு எடுக்கப்படும்னு. பாத்ததில்லையா நீ?” என்றார் அந்தோணி.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் அடுத்த இரண்டு வளைவுக்கும் நிறுத்தவில்லை. உர மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அம்மாள், “நல்லா எய்தினீங்க போ” என்று அவள் தோளில் தட்டினார். இறங்குகிற வரைக்கும் எனக்கு அந்த வண்டியில் ‘எய்துற சார்’ என்றுதான் பெயர்.

வருடா வருடம் என் மாணவர்களில் ஒருவராவது தமிழில் குறிப்பெடுக்கும்போது இதே தப்பைச் செய்வார். கவிதையில் வரும் குழந்தை இயற்கையைச் சேர்ந்தது என்பதை, இயற்கை எய்தியது என்று எழுதுவார். சிவப்பு மையால் சுழித்து ஆச்சரியக்குறி போடுவேன். அன்றைக்கு ஜீப்பில் யோசித்தபோது அது அவ்வளவு பெரிய தப்பில்லை என்று பட்டது. இயற்கை தத்தெடுத்துக்கொண்ட குழந்தைகள் பலர் அந்தக் காலத்துக் கவிதைகளில் கடைசி அடிக்குள் மண்ணுக்குப் போய்விடுகிறார்கள். வளராமல் இருக்க வேண்டுமென்றால் வேறு வழி ஏது? இந்த எண்ணம் வந்ததும் இளவேனிலை இன்னும் கொஞ்சம் என் பக்கம் இழுத்து உட்கார வைத்தேன். “கை வலிக்குதுப்பா” என்றாள்.

மேலே ஏற ஏற காற்று மாறியது. கீழே முப்பத்தெட்டு டிகிரி வெயிலில் வெந்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்தக் காற்று ஒன்றே போதும். ஒரு திருப்பத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. இளவேனில் எழுந்து நின்று, “ஐ! அப்பா, மேகம் கைக்கு எட்டுது பாரு!” என்று கத்தினாள். நான் உடனே கைப்பேசியை எடுத்தேன். எட்டு வயதில் பேசிய அதே குரல். இந்த இரண்டு வருடத்தில் வீட்டில் கேட்காத குரல். கண்ணில் தண்ணீர் வந்ததைக் காற்றின்மேல் போட்டேன்.

நாங்கள் தங்கியது புதூர்நாட்டுக் கடைத்தெருவிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு சிற்றூரில், ஜெயக்கொடி என்பவரின் வீட்டில். முப்பத்தைந்து வயதுப் பெண். வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி, வருகிறவர்களுக்கு விடுகிறார். அறை ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம், சாப்பாடு வேளைக்கு நூற்று இருபது. முதல் நாள் மதியம் சாமைச் சோறும், கத்தரிக்காய் போட்ட புளிக்குழம்பும், பிறகு தட்டு நிறையப் பலாச்சுளையும். பலா சீசன் என்பதால் அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். சாமைச் சோறு வயிற்றில் கனக்காது, ஆனால் ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். பையில் பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை மூன்றரைக்கு ஓடைக்கு நடந்தோம். வீட்டிலிருந்து 2.4 கிலோமீட்டர், பாதி மண்பாதை, பாதி ஒற்றையடிப் பாதை. மே மாதம் அருவி பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கணுக்கால் அளவுதான் தண்ணீர். குளிக்க முடியாது, கால் நனைக்கலாம். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இளவேனில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கூழாங்கல் பொறுக்கினாள். மஞ்சள் பட்டாம்பூச்சி ஒன்றின் பின்னால் ஓடினாள். பிறகு கரையில் இருந்த பெரிய நாவல் மரத்தருகே போய், அதன் உடம்பில் கன்னத்தை வைத்து, உதட்டை அசைத்து என்னமோ சொல்லிக்கொண்டு நின்றாள்.

ஐந்து வயதில் எங்கள் தெரு வேப்ப மரத்திடம் அவள் இப்படித்தான் பேசுவாள். மழை வந்தால் குடை வேண்டுமா என்று கேட்பாள். நான் மூச்சு விடாமல் நின்று பதினோரு படம் எடுத்தேன். வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதிப் போட்டதெல்லாம் கண் முன்னால் ரத்தமும் சதையுமாக நிற்கிறது என்று தோன்றியது. இந்தக் குழந்தையை விசில் சத்தத்துக்கு எழுந்திருக்கிற இடத்துக்கு அனுப்ப முடியாது. கையெழுத்துப் போடுவதில்லை என்று அந்தக் கரையிலேயே முடிவு செய்தேன். அவளிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவள் திரும்பி வந்து, “என்னப்பா சிரிக்கிற?” என்றாள். “ஒண்ணும் இல்லடா” என்றேன்.

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து கடைத்தெருவுக்கு நடந்தேன். டீ பன்னிரண்டு ரூபாய், நன்றாக இருந்தது. பனி போர்த்திய சாமைக் காடு என்று எழுத ஆசைதான், ஆனால் மே மாதம் காடெல்லாம் உழுத மண்ணாகத்தான் கிடக்கிறது. விதைப்பு மழைக்குப் பிறகு. ஏழேகாலுக்குத் திரும்பி வந்தேன். வீட்டின் பின்பக்கம் ஜெயக்கொடி புளி தட்டிக்கொண்டிருந்தார். ஓடு உடைக்கிற சத்தமும் நடுநடுவே பேச்சும் கேட்டன. இளவேனிலும் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. படம் எடுக்கலாமென்று சுவரோரமாக மெதுவாகப் போனேன்.

“நேத்து இன்னா பாப்பா, மரத்தாண்ட நின்னு பேசிகினு இருந்தியாமே? உங்க அப்பா போட்டோல காட்டினாரு” என்றார் ஜெயக்கொடி.

“பேசலக்கா. செவன்டீன் டேபிள்ஸ் சொன்னேன்.”

“இன்னாது?”

“பதினேழாம் வாய்ப்பாடு. வாய் அசையணும்ல, நீளமா ஏதாச்சும் வேணும். பதினேழு பன்னெண்டு எரநூத்தி நாலு வரைக்கும் போனேன். அப்பா இன்னும் போட்டோ எடுத்துட்டே இருந்தாரு. மறுபடி மொதல்லேர்ந்து சொன்னேன்.”

ஜெயக்கொடி சிரிப்பது கேட்டது. “எதுக்குமா அப்டி?”

“அப்பாவுக்கு நான் சின்னப் புள்ளையா இருந்தாத்தான் புடிக்கும். நான் பால் ஆடுறதப் பாக்கவே வர மாட்டாரு. ஒரே ஒரு தடவை வந்தாரு, நான் கீழ விழுந்ததும் எழுந்து போய்ட்டாரு. ஹாஸ்டல் போய்ட்டேன்னா அவருக்கு யாரும் இல்லை. அம்மா சமாளிச்சுக்குவாங்க. அதான் இந்த மூணு நாளு அவருக்குப் புடிச்ச மாதிரி இருக்கலாம்னு.”

“போக உடுவாரா?”

“தெரியலக்கா. உடலைன்னா போக மாட்டேன். ஆனா எனக்குப் போணும்.”

இரண்டு ஓடு உடைகிற சத்தம் கேட்டது. பிறகு ஜெயக்கொடி, “அந்தப் பட்டாம்பூச்சி பின்னால ஓடினது?” என்றார்.

“அது நெஜமாவே அழகா இருந்துச்சுக்கா” என்றாள் என் மகள்.

நான் வந்த வழியே திரும்பி நடந்தேன். அவமானமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. பதினோரு படங்களையும் திறந்து பார்த்தேன். இப்போது பார்த்தால் தெரிகிறது: கண் மூடியிருக்கிறது, புருவம் நெரிந்திருக்கிறது, பதினேழு எட்டு எத்தனை என்று தேடுகிற முகம். தேர்வு மேற்பார்வையில் ஆயிரம் முகங்களில் நான் பார்த்த அதே முகம். எப்படித் தவறவிட்டேன் என்று தெரியவில்லை.

மண்பாதையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து என் பாடத்தையும் நினைத்துப் பார்த்தேன். அந்தக் கவிதைகளில் பேசுவதெல்லாம் பெரியவர்கள். குழந்தை ஓடும், பூப்பறிக்கும், வானத்தைப் பார்க்கும். பார்த்து என்ன நினைத்தது என்பதைப் பெரியவன்தான் சொல்வான். ஒருவேளை வாய் திறந்தாலும் அவனுக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டு ஓடிவிடும். பத்தொன்பது வருடத்தில் எந்தக் குழந்தையாவது மனத்துக்குள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்குமோ என்று நான் சந்தேகப்பட்டதில்லை. கவிஞர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத் தங்கள் பால்யம்தான் வேண்டியிருந்தது, அதைத் தேடிப் போனார்கள். நான் என்னுடையதை விட்டுவிட்டு இவளுடையதைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அதற்கு அவள் பதின்மூன்று வயதில் நடிக்க வேண்டியிருந்தது. மைதானத்தை விட்டு நான் எழுந்து போனதையும் அவள் பார்த்திருக்கிறாள். அவள் விழுந்ததைத் தாங்க முடியாமல்தான் போனேன். ஆனால் முதுகைப் பார்த்தவளுக்கு அது எப்படித் தெரியும்?

ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போனபோது அவள் குளிக்கப் போயிருந்தாள். துண்டு எடுக்க அவள் பையைத் திறந்தேன். அடியில், துணிகளுக்குக் கீழே, காற்று இறக்கி நாலாக மடித்த பந்து. பக்கத்திலேயே காற்றடிக்கும் ஊசி, ஒரு சோப்பு டப்பாவில். பை ஏன் உருண்டையாக இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. என் சாமர்த்தியத்தை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.

ஈரத் தலையோடு வந்தவள் என் கையில் பந்தைப் பார்த்ததும் அசையாமல் நின்றாள்.

“அப்பா, சும்மா எடுத்துட்டு வந்தேன். வெளிய எடுக்கவே இல்ல. சத்தியமா.”

“கடைத்தெருவுல பஞ்சர் கடை இருக்கு. காத்தடிச்சுட்டு வரலாம் வா” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். எவ்வளவு தெரியும் என்று அளக்கிற பார்வை. “திட்ட மாட்டியா?”

“மாட்டேன். எனக்கும் சொல்லிக்கொடு.”

பஞ்சர் கடையில் பத்து ரூபாய். வீட்டுக்குக் கீழே இன்னும் உழாத ஒரு மேட்டு நிலம் காலியாகக் கிடந்தது. ஜெயக்கொடியின் அனுமதியோடு இரண்டு புளி மூட்டைகளைக் கம்பமாக வைத்தோம். நான் கோல் காவலன். எனக்கு நாற்பத்தாறு வயது, மூக்குக் கண்ணாடி, கொஞ்சம் தொப்பை. முதல் பந்து என் நெஞ்சில் பட்டது. இரண்டாவது எங்கே போனது என்று தெரியவில்லை, மூட்டைக்குப் பின்னால் கோழி ஒன்று அலறியது.

“அப்பா, கண்ண மூடாத! பந்தப் பாரு, என்னப் பாக்காத!”

அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. தடித்த, அவசரமான, கட்டளையிடுகிற குரல். வெறுங்காலோடு ஓடினாள். நிலம் எந்தப் பக்கம் சரிகிறது, காற்று எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் மண் இளகியிருக்கிறது என்றெல்லாம் அவள் கால் தானாகப் பார்த்துக்கொண்டது. ஐ என்று ஒரு தடவைகூடக் கத்தவில்லை. ஒரு தடவை சரிவில் வழுக்கி விழுந்து முழங்கை சிராய்ந்தது. நான் இருந்த இடத்திலேயே நின்றேன். கஷ்டமாகத்தான் இருந்தது, நின்றேன். அவள் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, நான் நிற்கிறேனா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு அடுத்த பந்தை அடித்தாள். ஒன்றரை மணி நேரத்தில் முப்பத்தொரு கோல். நான் பிடித்தது இரண்டு. அதில் ஒன்று அவள் இரக்கப்பட்டு விட்டது என்று இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

நிழலுக்கு வந்து உட்கார்ந்ததும் ஜெயக்கொடி ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். “இன்னா சார், நேத்து மரத்தாண்ட நின்ன பொண்ணா இது? வேற யாரையாச்சும் மாத்திக் கூட்டியாந்துட்டீங்களா?” என்றார்.

இளவேனில் மோர் மீசையோடு தலையைக் குனிந்துகொண்டாள். நான், “இவதாங்க. நேத்து பாத்தது நான் கூட்டியாந்த பொண்ணு, நெஜமான இவ இன்னைக்குத்தான் வந்திருக்கா” என்றேன். அவருக்கு அது புரிந்தது. என் மகளுக்கும் புரிந்துவிட்டது, ஏனென்றால் அவள் காது சிவந்தது.

விண்ணப்பம் என் பையில்தான் இருந்தது. மனைவி வைத்து அனுப்பியிருந்தாள். பாறைமேல் வைத்து எழுதினால் காகிதம் கிழியும் என்று இளவேனில் தன் முதுகைக் குனிந்து காட்டினாள். அவள் முதுகின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். “கூசுதுப்பா, சீக்கிரம்” என்றாள். கையெழுத்து என் கையெழுத்தைப் போலவே இல்லை. மரத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அன்று மாலை மறுபடி ஓடைக்குப் போனோம். அவள் பாறையில் படுத்து அரை மணி நேரம் எதுவும் செய்யாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படம் எடுக்கவில்லை. என்ன நினைக்கிறாள் என்று கேட்கவும் இல்லை.

இனி போகிறவர்களுக்கு. மூன்று நாளில் எங்கள் இருவருக்கும் ஆன செலவு பேருந்து, ஜீப், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள்தான். பணமாகவே எடுத்துப் போங்கள். சில கடைகளில் கைப்பேசியில் அனுப்பலாம், ஆனால் சிக்னல் நினைத்தால்தான் வரும். திரும்புகிற ஜீப்பை முதல் நாளே பேசி வையுங்கள். அந்தோணி ஞாயிறு பூசை முடித்து ஒரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லி ஒன்றேகாலுக்கு வந்தார், என்னைப் பார்த்ததும் “இன்னும் எய்தலையா சார்?” என்று கேட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் அக்டோபர், நவம்பரில் போங்கள். பலாவும் புளியும் வேண்டுமென்றால் மே. சாமை அரிசி கடைத்தெருவில் கிலோ நூற்றுப் பத்துக்கு வாங்கினேன். மலையெங்கும் சந்தன மரம் உள்ள காடு, வனத்துறைக் கெடுபிடி உண்டு. பாதையை விட்டு உள்ளே போகாதீர்கள், ஒரு சுள்ளிகூட எடுத்து வராதீர்கள். நடக்க நல்ல செருப்பு அவசியம்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் காட்டில் அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். ரசிக்கிறாயா என்று கேட்டால் ரசிக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். நல்ல பிள்ளைகளாக இருந்தால் நன்றாகவே சொல்வார்கள். பந்து கொண்டுவருகிறேன் என்றால் கொண்டுவரட்டும்.

இதை எழுதலாமா என்று இளவேனிலிடம் கேட்டேன். “எழுதிக்கோ, ஆனா கோழி மேல பட்டத எழுதாத” என்றாள். மன்னித்துக்கொள், எழுதிவிட்டேன். திரும்பி வரும்போது நடந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். திருப்பத்தூரில் மூன்று மணிக்குப் பேருந்து ஏறினோம். வாணியம்பாடி தாண்டியதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலை இறக்கிவிட்டாள். பிறகு சாதாரணக் குரலில், நடிப்பு எதுவும் இல்லாமல் கேட்டாள்.

“அப்பா, அங்க எனக்குப் பயமா இருந்தா போன் பண்ணலாமா?”

“எப்ப வேணா பண்ணு.”

“உனக்குப் பயமா இருந்தா?”

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“நீயும் பண்ணுப்பா. ஆனா ஏழரைக்கு அப்புறம் பண்ணு, அதுவரைக்கும் எனக்குப் பிராக்டீஸ் இருக்கும்.”